ஆப்பிரிக்க ஸ்டைல் தேங்காய்ப்பால் சோறு: வாலி வா நாஸியா, பிலாவா, நைஜீரிய சிவப்பு சோறா, எதைப் பண்றது?

ஆப்பிரிக்க ஸ்டைல்ல தேங்காய்ப்பால் சோறு பண்ணணும், எந்த ரெசிபி எடுக்கலாம்னு யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேக்குறது ஒரே கேள்விதான், சோத்துக்குப் பக்கத்துல என்ன வைக்கப்போறீங்க? குழம்போ மீனோ பீன்ஸோ இருக்கா, இல்ல அந்த ஒரு சட்டி சோறுதான் அன்னிக்கு மொத்த சாப்பாடா? இதுக்கு பதில் சொல்லிட்டாலே பாதி முடிவு ஆயிடும். ஏன்னா ஆப்பிரிக்கன் கோகனட் ரைஸ்னு தேடுனா வர்றது எல்லாம் ஒரே ஐட்டம் இல்ல, ஒன்னு கிழக்குக் கரையோட வெள்ளைச் சோறு (அதுதான் வாலி வா நாஸி), ஒன்னு விசேஷ வீட்டு பிலாவ், ஒன்னு நைஜீரியாவோட சிவப்பு சோறு, இன்னொன்னு மொசாம்பிக்ல பிரி-பிரிங்கற கார மிளகாய் போட்ட கோழியோட வர்றது. இந்த நாலுக்கும் பொதுவா இருக்குறது அரிசி, தேங்காய்ப்பால், உப்பு, அவ்வளவுதான்.

நான் முதல் தடவ பண்ணப்போ இது தெரியாது. மசாலா சோறுதானேன்னு ஏலக்காய் கிராம்பு பட்டையும் போட்டு, தக்காளி குடமிளகாய் அரைச்சும் ஊத்தி, தைம்ங்கற வாசனை இலை, கரி பவுடர் எல்லாம் சேர்த்து ஒரே சட்டில வெச்சேன். சாப்பிடலாம், ஆனா தேங்காய் எங்க இருக்குன்னே தெரியல, எந்த வாசனையும் தனியா நிக்கல. ஆப்பிரிக்காவோட கிழக்கு, மேற்குன்னு ரெண்டு கரையோட சமையலையும் ஒன்னாக் கலந்துட்டேன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. அதனால எதை எடுத்தாலும் ஒன்னை முழுசா எடுங்க, பாதி பாதி வேணாம்.

ரெண்டு கரையும் ஏன் இவ்வளவு வேறன்னா அதுக்கு வரலாறு இருக்கு. சோமாலியாவோட தெற்குல ஆரம்பிச்சு கென்யா, தான்சானியா வழியா மொசாம்பிக்கோட வடக்கு வரைக்கும் போற சுவாஹிலி கரைக்கு இந்தியப் பெருங்கடல் வியாபாரம் வழியா அரிசி, தேங்காய், மசாலா எல்லாம் ரொம்பக் காலம் முன்னாடியே வந்து சேர்ந்துடுச்சு. 1331ல சோமாலியாவோட மொகதிஷுவுக்குப் போன மொராக்கோ பயணி இப்ன் பதூதா, அங்க நெய்ல சமைச்ச சோத்தைப் பெரிய மரத்தட்டுல கொட்டி மேல கறி, மீன், காய் வகையெல்லாம் வெச்சுக் குடுத்தாங்க, பக்கத்துல எலுமிச்ச ஊறுகாய் இருந்துச்சுன்னு எழுதியிருக்கார். சோறு தனி, குழம்பு தனி, காரம் ஓரத்துல, இன்னிக்கும் கிழக்குக் கரைல வாலி வா நாஸி சாப்பிடுறது கிட்டத்தட்ட இதே அமைப்புலதான். மேற்குக் கரைக்கு தேங்காய் வந்தது ரொம்ப லேட், வாஸ்கோ ட காமா 1498ல இந்தியப் பெருங்கடலுக்கு வழி கண்டுபிடிச்ச பிறகு போர்த்துகீசியர் கப்பல்லதான் அது ஆப்பிரிக்காவைச் சுத்தி அட்லாண்டிக் பக்கம் போச்சு. 2011ல வந்த மரபணு ஆய்வுலயும் அட்லாண்டிக் பக்கத்துத் தென்னை இந்தியப் பெருங்கடல் தென்னைக்குத்தான் சொந்தம்னு தெரிஞ்சுது. மிளகாயும் தக்காளியும் அமெரிக்காவுல இருந்து கடல் தாண்டி வந்தது. அதனால நைஜீரியால சட்டிக்கு அஸ்திவாரம் தக்காளி, மிளகாய், வெங்காயம் அரைச்ச பேஸ்தான், தண்ணி இருக்க வேண்டிய இடத்துல தேங்காய்ப்பால் வந்து உக்காந்துக்கும்.

சரி, ஒவ்வொன்னா பார்ப்போம்.

வாலி வா நாஸி. சுவாஹிலில வாலின்னா வெந்த சோறு, நாஸின்னா முத்தின தேங்காய். மசாலா கிட்டத்தட்ட கிடையாது, உப்பு மட்டும், சில வீட்ல ரெண்டு ஏலக்காய் தட்டிப் போடுவாங்க. இது ரொம்ப சிம்பிளாச்சே, இதுல என்ன இருக்குன்னு தோணும், ஆனா நாலுலயும் தேங்காயோட ருசி முழுசா நாக்குல உக்காருறது இதுலதான். தேங்காயை 'ம்புஸி'ன்னு ஒரு பலகை மேல உக்காந்து துருவுவாங்க (ம்புஸின்னா ஆடுன்னும் அர்த்தம்), வெதுவெதுப்பான தண்ணி விட்டுப் பிசைஞ்சு 'கிஃபும்பு'ங்கற பின்னல் பையில போட்டு முறுக்கிப் பால் எடுப்பாங்க. பாலுக்குப் பேர் 'துயி', கெட்டியா வர்ற முதல் பால் தனி, ரெண்டாம் பால் தனி. இந்தப் பிரிவுதான் முக்கியம், முதல்ல ரெண்டாம் பால்ல உப்பு போட்டுக் கொதிக்கவிட்டு அரிசியைப் போடணும், முக்கால்வாசி இழுத்ததும் முதல் பாலை ஊத்தி மெதுவா ஒரு தடவ கிளறி மூடிடணும். கெட்டிப் பாலை ஆரம்பத்துலயே ஊத்தி வேகவெச்சா அதுல இருக்குற புரதமும் சர்க்கரையும் அடியில ஒட்டிக் கருகும், மேல அரிசி வேகாம நிக்கும், நான் ரெண்டு தடவ பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. கரி அடுப்புல பண்றவங்க கடைசில மூடி மேல கொஞ்சம் தணல் எடுத்து வைப்பாங்க, மேலயும் கீழயும் சூடு போய் ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியா உதிரும், தம் போடுறது மாதிரியேதான்.

அளவு சொல்லணும்னா 240 மில்லி கப்ல 2 கப் வாசனை அரிசி, அரை மணி நேரம் ஊறவெச்சு வடிகட்டினது, அதுக்கு மொத்தம் 3 கப் திரவம், அதுல 2 கப் ரெண்டாம் பால், 1 கப் முதல் பால், உப்பு ஒரு டீஸ்பூன். டின் பால்னா 400 மில்லி டின் ஒன்னு, தண்ணி 320 மில்லி, டின்ல பாதியைத் தண்ணியோட முதல்ல ஊத்திட்டு மீதியைக் கடைசிக்கு வெச்சுக்கோங்க.

இதோட குறை என்னன்னா தனியா சாப்பிட முடியாது, அதாவது முடியும், ஆனா நாலு வாய்க்கு மேல திகட்டும். பக்கத்துல ஏதாவது வேணும். அங்க வழக்கமா வைக்கிறது மஹாராகே, பீன்ஸை வேகவெச்சு வெங்காயம் தக்காளி போட்டுத் தேங்காய்ப்பால் ஊத்தினது, இல்லன்னா முழு துவரையை அதே மாதிரி பண்ற ம்பாஸி, இல்லன்னா மீனைச் சுட்டு மேல தேங்காய்ப்பால் மசாலா பூசுற சமாகி வா குபாக்கா. எல்லாத்துலயும் தேங்காய் இருக்கேன்னு பயந்தா வெங்காயம் தக்காளி எலுமிச்ச பிழிஞ்ச கச்சும்பாரி ஒரு கிண்ணம் வெச்சா போதும், அந்தப் புளிப்பு கனத்தைச் சமாளிச்சுடும்.

அடுத்தது பிலாவ் யா நாஸி, மசாலாதான் வேணும் ஆனா சோறு கிழக்குக் கரை மாதிரியே இருக்கணும்னா இது. கரையில பிலாவ்ங்கறது விசேஷத்துக்கான சாப்பாடு, கல்யாணம், பெருநாள்னா இதுதான். பெரும்பாலும் கறி வேகவெச்ச தண்ணிலயே பண்ணுவாங்க, தேங்காய்ப்பால் சேர்க்குறது அதுல ஒரு வகை. சீரகம், மிளகு, ஏலக்காய், கிராம்பு, பட்டை, இந்த அஞ்சும்தான் மசாலா. கிராம்புன்னா தான்சானியாவோட தீவுக்கூட்டமான சான்சிபார்தான், 19ஆம் நூற்றாண்டுல ஓமன் சுல்தான் சயீத் தலைநகரையே மஸ்கட்ல இருந்து அங்க மாத்தி கிராம்புத் தோட்டங்களைப் பெருக்கினார், இன்னிக்கும் அந்தத் தீவுக்கூட்டத்துல கிராம்பு அதிகமா விளையுறது பெம்பா தீவுலதான். அதுக்காக கைநிறைய அள்ளிப் போட்டுடாதீங்க, 2 கப் அரிசிக்கு 6 கிராம்பு போதும், 6 ஏலக்காய், ஒரு விரல் நீளம் பட்டை, 2 டீஸ்பூன் சீரகம், ஒரு டீஸ்பூன் மிளகு. கிராம்பு கூடினா நாக்கு மரத்துப்போகும், தேங்காயோட இனிப்பு காணாமலே போயிடும்.

பிலாவ்ல எல்லாரும் கோட்டை விடுறது வெங்காயத்துல. அந்தப் பழுப்பு நிறம் மஞ்சள் தூள்ல வர்றது இல்ல, வெங்காயத்தை நல்லா ஆழ்ந்த பிரவுனா, கருகுறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி வரைக்கும் வறுக்குறதுல வர்றது. 3 பெரிய வெங்காயம் 15லருந்து 20 நிமிஷம் ஆகும், அவசரப்பட்டுப் பொன்னிறத்துலயே நிறுத்தினா சோறு வெளுத்துப்போய் சப்புன்னு இருக்கும். அப்புறம் இஞ்சி பூண்டு, மசாலா, கறி, உருளைக்கிழங்கு, கறி வெந்த பிறகு அந்தத் தண்ணியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அரிசிக்கு ஒன்னரை மடங்கு அளந்து ஊத்தணும். இங்க ஒரு விஷயம் வெளிப்படையா சொல்லிடுறேன், பிலாவ்ல தேங்காய்ப்பால் பின்னாடிதான் நிக்கும், சாப்பிடுறவங்களுக்கு 'ஏதோ வழவழன்னு நல்லா இருக்கே'ன்னு தோணுமே தவிர தேங்காய்னு பட்டுன்னு தெரியாது. தேங்காய் ருசிக்காகத்தான் பண்றீங்கன்னா இது உங்களுக்கான ஆப்ஷன் இல்ல.

இப்போ நைஜீரியா. மனசுல மசாலா தேங்காய்ப்பால் சோறுன்னு ஒரு படம் வெச்சிருக்கீங்களே, சிவப்பா, காரமா, ஒரு தட்டுலயே எல்லாம் முடியுற மாதிரி, அது இங்கதான் இருக்கு. கொஞ்சம் நீட்டிச் சொல்றேன், ஏன்னா நாலுலயும் சொதப்புறதுக்கு அதிக இடம் இருக்குறதும், சரியா வந்தா அதிகமா கைதட்டு வாங்குறதும் இதுதான்.

பேஸ்ல இருந்து ஆரம்பிக்கணும். தக்காளி 4, ததாஷேன்னு அவங்க சொல்ற சிவப்பு மிளகாய் 2 (கிடைக்கலன்னா சிவப்புக் குடமிளகாய் போடலாம், காரம் குறைவு, நிறமும் இனிப்பும் வந்துடும்), ஒரு வெங்காயம், அப்புறம் அதா ரோடோ, அதாவது ஸ்காட்ச் பானட் வகை மிளகாய். இந்த மிளகாய் 1,00,000லருந்து 3,50,000 ஸ்கோவில் (காரத்தை அளக்குற அலகு) வரைக்கும் போகும், அதனால 2 கப் அரிசிக்கு ஒன்னே ஒன்னுல ஆரம்பிங்க. காரம் மட்டும் இல்ல அதுல, பழ வாசனை ஒன்னு இருக்கு, தேங்காயோட அது சேர்றப்போ வர்ற மணத்துக்காகத்தான் இந்த ரெசிபியே. காரம் பயம்னா அரைக்காம முழுசா, காம்போட, ஓட்டை கீறல் இல்லாம சோத்து மேல வெச்சு வேகவிட்டு கடைசில எடுத்துடுங்க, வாசனை வரும், காரம் பெருசா இறங்காது. ஆனா கிளறும்போது உடைஞ்சுதுன்னா மொத்தச் சட்டியும் அது கைலதான்.

அரைச்சதை நேரா ஊத்தி அரிசியைப் போட்டுடக்கூடாது. எண்ணெய்ல வெங்காயம் வதக்கி, பேஸை ஊத்தி, தண்ணி எல்லாம் வத்தி அளவு பாதியாகி எண்ணெய் மேல பிரிஞ்சு மிதக்குற வரைக்கும் வதக்கணும், 15 நிமிஷமாவது ஆகும், கூடவே நின்னு கிளறணும். ஏன் இவ்வளவு கட்டாயம்னா பச்சைத் தக்காளியோட புளிப்பு தேங்காய்ப்பாலோட இனிப்பை நேரா வெட்டும், ரெண்டும் ஒன்னோட ஒன்னு சண்டை போடுற மாதிரியே இருக்கும், வத்த வதக்கினா புளிப்பு அடங்கி தக்காளியே இனிச்சுடும். அதுக்கு மேல கரி பவுடர் ஒரு டீஸ்பூன், காய்ஞ்ச தைம் ஒரு டீஸ்பூன், பிரிஞ்சி இலை ரெண்டு, சீசனிங் க்யூப் ஒன்னு. இந்தக் கரி பவுடரும் தைமும் சேர்ந்த ஜோடிதான் நைஜீரிய வீட்டுச் சமையலோட கையெழுத்து, ஒன்னை விட்டாலும் அந்த ருசி வராது, கரி பவுடர் காரமில்லாத மைல்டு வகையா இருக்கட்டும். நிறைய வீட்ல காய்ஞ்ச சின்ன இறால் பொடி ஒரு டேபிள்ஸ்பூன் போடுவாங்க, கிரேஃபிஷ்னு சொல்வாங்க, கடல் உணவு ஒத்துக்காதவங்க சாப்பிடப்போறாங்களான்னு கேட்டுட்டுப் போடுங்க.

அரிசி இதுக்கு நீளமான புழுங்கல் அரிசிதான், இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது. நெல்லாவே ஒரு தடவ வெந்து காய்ஞ்சதால பருக்கை கெட்டியா நிக்கும், கெட்டியான தக்காளியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த குழம்புல அரை மணி நேரம் கிடந்தாலும் உடையாது. பாஸ்மதில ட்ரை பண்ணேன், முனை உடைஞ்சு குழைஞ்சு பொங்கல் மாதிரி ஆயிடுச்சு. கிழக்குக் கரை ஐட்டங்களுக்கு இது அப்படியே தலைகீழ், அங்க வாசனை அரிசிதான் வேணும், கென்யால ம்வேயா பக்கம் விளையுற பிஷோரி, தான்சானியால கியேலா அரிசி, இதெல்லாம் தானே மணக்குற அரிசி, அது கைவசம் இல்லன்னா பாஸ்மதி. புழுங்கல் அரிசியை வாலி வா நாஸிக்குப் போட்டா பால் உள்ள இறங்காம மேல வழவழன்னு நிக்கும்.

ஒரு டின் பால் ஊத்தி, ஒரு கப் கறி ஸ்டாக் ஊத்தி, கொதி வந்ததும் கழுவின 2 கப் அரிசியைப் போட்டா திரவம் அரிசி மட்டத்துக்கு ஒட்டி நிக்கணும், மூழ்கடிக்கக்கூடாது, பத்தலன்னா பின்னாடி அரை கப் தெளிச்சுக்கலாம், கூடிப்போனா எடுக்க முடியாது. மேல அலுமினிய ஃபாயில் போட்டு அதுக்கு மேல மூடி வெச்சு இறுக்கி, சின்னத் தீயில 25லருந்து 30 நிமிஷம், நடுவுல ஒரே ஒரு தடவ திறந்து அடியில இருந்து திருப்பிவிடலாம். நீராவிலதான் இந்த சோறு வேகுது, அதனால திறந்து திறந்து பார்க்குறவங்களுக்கு இது வராது. பக்கத்துல பழுத்த பெரிய வாழைப்பழத்தை (பிளான்டைன் வகை) வறுத்து வெச்சா, டோடோன்னு பேரு, அதுவே போதும், குழம்பே வேணாம். தக்காளியே இல்லாம கேரட், பட்டாணி, இறால் போட்டு வெளுப்பா பண்ற நைஜீரிய வகையும் இருக்கு, நல்லாதான் இருக்கும், ஆனா அதுக்குப் போறதா இருந்தா நான் வாலி வா நாஸிக்கே போயிடுவேன்.

மொசாம்பிக்கோட அரோஸ் டி கோகோ சுருக்கமா. வெங்காயம் கொஞ்சம் வதக்கி, சில பேர் ஒரு தக்காளியும் போட்டு, தேங்காய்ப்பால்ல வேகவெச்ச மைல்டான சோறு, இதோட விஷயமே பக்கத்துல இருக்குற சுட்ட கோழியோ இறாலோதான். ஸாம்பேஸியா மாகாணத்துல கோழியைத் தேங்காய்ப்பால், பூண்டு, எலுமிச்ச, பிரி-பிரி மிளகாய்ல ஊறவெச்சு அதே பாலைப் பூசிப் பூசிச் சுடுவாங்க, அந்தக் கோழி பண்றதா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு இந்த சோத்தை எடுங்க, கிரில் இல்லன்னா இந்த ஆப்ஷனை விட்டுடலாம்.

எதைப் பண்ணாலும் பால் விஷயத்துல கவனம் வேணும். டின்ல தேங்காய்ப்பால்னு போட்டிருந்தாலும் கொழுப்பு அளவு ரொம்ப மாறும், கோடெக்ஸ்ங்கற சர்வதேச உணவுத் தரப்படி தேங்காய்ப்பாலுக்குக் குறைஞ்சது 10 சதவீதம், கிரீம்னா 20, லைட்னா 5 போதும். லைட் எந்த ரெசிபிக்கும் வேணாம், அது தண்ணி ஊத்தின பால்தான், நல்ல பால்ல நீங்களே தண்ணி ஊத்திக்கலாமே. கிரீம் வாங்கினா பாதிக்குப் பாதி தண்ணி விட்டுத்தான் ஊத்தணும், அப்படியே ஊத்தினா அரிசியைச் சுத்திக் கொழுப்பு படிஞ்சு தண்ணி உள்ள போக விடாது. கையால பிழிஞ்ச பால் எங்க கட்டாயம்னா வாலி வா நாஸிக்கு மட்டும், அதுல ஒளிஞ்சுக்க வேற ருசியே இல்ல, டின்னோட சூடான வாசனை உடனே காட்டிக்குடுத்துடும். நைஜீரிய சோத்துக்கு டின்னே தாராளம், மிளகாயும் தைமும் சேர்ந்தப்புறம் வித்தியாசம் தெரிய வாய்ப்பே இல்ல, அதுக்காக ஒரு மணி நேரம் துருவிக்கிட்டு உக்கார வேணாம்.

பாத்திரமும் முடிவை மாத்தும். ரைஸ் குக்கர் மட்டும்தான் இருக்குன்னா வாலி வா நாஸி எடுங்க, நல்லாவே வரும், கெட்டிப் பாலைக் குக்கர் ஆஃப் ஆனதும் ஊத்திக் கிளறிப் பத்து நிமிஷம் மூடி வைங்க. நைஜீரிய சோறு அதுல வராது, தக்காளி பேஸ் அடியில படிஞ்சு சூடேறி, வெந்துடுச்சுன்னு நெனச்சு குக்கர் சீக்கிரமே ஆஃப் ஆயிடும், மேல அரிசி நறநறன்னு இருக்கும். அதுக்கு அடி கனமான சட்டி வேணும், அதே சட்டியை ஃபாயில் போட்டு ஓவன்ல வெச்சாலும் அருமையா வரும், அடிப்பிடிக்கிற பயமே இல்ல. ஆனா ஒரு இழப்பு இருக்கு, காந்தல் கிடைக்காது. சுவாஹிலில அதுக்கு உகோகோன்னு தனிப் பேரே இருக்கு, சட்டி அடியில பொன்னிறமா மொறுமொறுன்னு ஒட்டியிருக்குறது, தேங்காய்ப்பால் சோத்துல அது கேரமல் மாதிரி ஆயிடும், வீட்ல அதுக்குத்தான் முதல்ல போட்டி வரும்.

ஆக, பத்துப் பேருக்கு மேல வர்றாங்க, கறியும் போடப்போறீங்கன்னா பிலாவ், ஏன்னா வெங்காயம் கறி எல்லாம் முன்னாடியே முடிச்சு வெச்சு அரிசியை மட்டும் கடைசில போடலாம். மீனோ பீன்ஸோ ஏற்கனவே ரெடின்னா வாலி வா நாஸி, யோசிக்கவே வேணாம். வேலை முடிஞ்சு வந்து ஒரே சட்டில முடிக்கணும், காரமும் வேணும்னா நைஜீரிய ஸ்டைல், இதுல பேஸை மட்டும் விடுமுறை நாள்ல மொத்தமா வதக்கி ஃப்ரீசர்ல வெச்சுட்டா மீதி வேலை முக்கால் மணி நேரம்தான். ஒன்னே ஒன்னு சொல்லுன்னு கேட்டா நான் நைஜீரியா பக்கம்தான் நிப்பேன், மசாலா சோறுன்னு கேட்டு வந்தவங்களுக்கு வெள்ளைச் சோத்தைக் காட்டிச் சமாதானம் சொல்றது எனக்கு நியாயமாப் படல.

மறுநாளுக்கும் சேர்த்துப் பண்றவங்களுக்கும் அதே பதில்தான். தேங்காய்க் கொழுப்பு கிட்டத்தட்ட 24 டிகிரிக்குக் கீழ உறையும், அதனால ஃப்ரிட்ஜ்ல வெச்ச வாலி வா நாஸி கல்லு மாதிரி ஆயிடும், ரெண்டு ஸ்பூன் தண்ணி தெளிச்சு மூடி மெதுவா சூடு பண்ணாத்தான் பழையபடி உதிரும், அப்பவும் முதல் நாள் மணம் பாதிதான் வரும். நைஜீரிய சோறு ராத்திரி முழுக்க ஊறி மிளகாயும் தைமும் உள்ள இறங்கி மறுநாள் இன்னும் நல்லா இருக்கும். ரெண்டையுமே வெளிய வெச்சுட்டுத் தூங்கிடாதீங்க, தேங்காய்ப்பால் சேர்ந்த சோறு சீக்கிரம் கெட்டுடும், சமைச்ச ரெண்டு மணி நேரத்துக்குள்ள அகலமான தட்டுல பரப்பி ஆறவெச்சு உள்ள வெச்சுடுங்க, எடுக்கும்போது ஒரே தடவ ஆவி பறக்கச் சூடு பண்ணிச் சாப்பிட்டு முடிச்சுடுங்க.